சார்ஜரைத் திறக்கும் முன்: கேள்வி உங்களுடையது, பதில் பட்டறையிலிருந்து

இரண்டு மாதமாகச் சேர்ந்த கடிதங்களிலிருந்து எட்டுக் கேள்விகளை எடுத்திருக்கிறேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் கோவை கணபதியில் 1991-ல் டிரான்ஸ்பார்மர் வைண்டிங் பட்டறையில் பையனாகச் சேர்ந்து, அப்புறம் பேட்டரி சார்ஜர் சர்வீஸுக்கு மாறியவன். ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர், சப்ஸ்டேஷன் சார்ஜர், ஜெனரேட்டர் சார்ஜர் எல்லாம் கை பட்டவைதான். கார் பேட்டரி பற்றிக் கேட்டு எழுதுபவர்கள் மன்னிக்க, அது வேறு உலகம்.

எங்கள் குடோனில் 48 வோல்ட், 600 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் மூன்று, சார்ஜரும் மூன்று. ராத்திரி பத்து மணிக்குச் சார்ஜில் போட்டால் காலை ஆறு மணிக்குத் தானாக ஆஃப் ஆகிவிடும். இப்போது ஒரு வண்டிக்கு மட்டும் காலை ஒன்பது மணிக்கும் ஆம்பியர் முள் 25-லேயே நிற்கிறது. கன்ட்ரோல் கார்டு (சார்ஜரை இயக்கும் சர்க்யூட் அட்டை) போய்விட்டது என்கிறார் சர்வீஸ்காரர். மாற்றிவிடலாமா?
– குடோன் சூப்பர்வைசர், ஸ்ரீபெரும்புதூர்

பொறுங்கள். முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. இன்று ராத்திரி அந்தப் பேட்டரியைப் பக்கத்துச் சார்ஜரிலும், பக்கத்துப் பேட்டரியை இந்தச் சார்ஜரிலும் போடுங்கள். காலையில் வந்து பாருங்கள். கோளாறு பேட்டரியோடு கூடவே போயிருந்தால் கார்டு மாற்றுவது, காய்ச்சல்காரனை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை மாற்றுகிற கதை.

விஷயம் இதுதான். உங்கள் 48 வோல்ட் பேட்டரியில் 24 செல். செல்லுக்கு 2.4 வோல்ட் வீதம் 57.6 வோல்ட் வந்ததும் சார்ஜர் அந்த வோல்டேஜைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பேட்டரி நிறைய நிறைய ஆம்பியர் தானாக இறங்கும். அது ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் சார்ஜர் 'முடிந்தது' என்று முடிவு செய்து ஆஃப் ஆகும். சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்டேஜும் மொத்த ஆம்பியரும் மட்டும்தான். உள்ளே எந்தச் செல் என்ன பாடுபடுகிறது என்று அதற்குத் தெரியாது.

2009 வாக்கில் இதே மாதிரி ஒரு குடோனுக்குப் போனேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டு முறை கார்டு மாற்றியிருந்தார்கள். நான் போய்ச் சார்ஜரைத் தொடவே இல்லை. சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சாக்பீஸ், ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு செல் செல்லாக அளந்து, மூடி மேலேயே எழுதிக்கொண்டு போனேன். மூன்று செல்கள் 2.05-ஐத் தாண்டவில்லை. மீதி 21 செல்லும் தலைக்கு 2.45-ல் கொதித்துக்கொண்டிருந்தன. 24 பேருக்கு வைத்த சாப்பாட்டை 21 பேர் சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும்? சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் அதே வோல்டேஜுக்குப் பேட்டரி இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் இறங்காது, சார்ஜர் ஆஃப் ஆகாது. கார்டு பாவம், சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். சார்ஜ் முடிகிற நேரத்தில், கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும். சும்மா கிடக்கும்போது அளந்தால் நோயாளிச் செல்லும் 2.1 காட்டி ஏமாற்றும். அப்புறம் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். நல்ல செல் 1.280 பக்கம் இருக்கும். 1.200-லேயே நிற்கும் செல்லுக்கு, எல்லாச் செல்லையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் சமன் சார்ஜ் ஒன்று கொடுத்துப் பாருங்கள்: 20 ஆம்பியர் மாதிரி சின்ன கரண்டில், மணிக்கு ஒரு முறை அளந்து, மூன்று முறை ஒரே அளவு வரும் வரை. ஆசிட் சூடு 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். எழுந்தால் சந்தோஷம். எழாத செல்லை மாற்றத்தான் வேண்டும்.

சரி, இடம் மாற்றிப் போட்டும் கோளாறு சார்ஜரோடே நின்றுவிட்டால்? அப்போதும் கார்டு கடைசிதான். முதலில் அந்த ஆம்பியர் முள் உண்மை பேசுகிறதா பாருங்கள். உள்ளே ஒரு பித்தளைக் கட்டையில், கரண்டை அளக்க உதவும் ஷன்ட் இருக்கும், மேலே 100ஏ/75எம்வி என்று பொறித்திருப்பார்கள். அதன் குறுக்கே மில்லிவோல்ட் வையுங்கள். 25 ஆம்பியர் உண்மையாக ஓடினால் 18.75 மில்லிவோல்ட் காட்டும். முள் 25-ல் நின்று ஷன்டில் 4 மில்லிவோல்ட்தான் இருந்தால் மீட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்பு வேலை. பேட்டரி டிரக் சார்ஜர் தினமும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு 'ஓவர் டெம்பரேச்சர்' காட்டி டிரிப் ஆகிறது. ராத்திரியில் பிரச்சினையே இல்லை.
– பராமரிப்புப் பிரிவு வாசகர், பல்லடம்

பல்லடம், ஸ்பின்னிங் மில், மதியம் மூன்று மணி. இதற்கு மேல் எனக்கு விவரமே வேண்டாம். பஞ்சு.

எஸ்சிஆர் (ஏசியை டிசியாக மாற்றும் செமிகண்டக்டர் ஸ்விட்ச்) உட்கார்ந்திருக்கும், சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கின் இடுக்குகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்குட்டி ரோமம் மாதிரி சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். ஃபேன் ஓடும், காற்று போகாது. ராத்திரியில் வெளிக் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் ஏதோ சமாளிக்கிறது. மதியம் முடியவில்லை.

திறக்கும் முன் ஒன்று. சார்ஜருக்கு இரண்டு பக்கமும் கரண்ட் உண்டு. எம்சிபி ஆஃப் செய்துவிட்டோம் என்று கையை விடுகிறவர்கள் பேட்டரிப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். மெயினை ஆஃப் செய்து, பேட்டரி கனெக்டரையும் பிடுங்கி, பெரிய கப்பாசிட்டரில் மீட்டர் வைத்துப் பூஜ்யம் ஆகிவிட்டதா பார்த்த பிறகு கை வையுங்கள்.

கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள். மில் கம்ப்ரஸர் லைனில் தண்ணீரும் எண்ணெயும் வரும். அந்த ஈரம் கார்டில் பட்டு, பஞ்சு பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பெயின்ட் பிரஷ், வேக்யூம் கிளீனர், இரண்டும் போதும். உங்கள் ஊரில் வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். இன்னொரு பழக்கம் பார்த்திருக்கிறேன்: பஞ்சு போகாமல் இருக்கக் காற்றுத் துளையில் பனியன் துணியைக் கட்டிவிடுவது. பஞ்சும் போகாது, காற்றும் போகாது. கழற்றி எறியுங்கள். வேண்டுமானால் கழுவக்கூடிய நைலான் வலை போட்டு, ஷிஃப்டுக்கு ஒரு முறை தட்டிவிடச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்தும் டிரிப் ஆனால் ஃபேனின் திசையைப் பாருங்கள். இதை அடித்துச் சொல்வதற்குக் காரணம் நானே செய்த தப்பு. திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஃபேன் மாற்றும்போது தலைகீழாக மாட்டிவிட்டு வந்தேன். உள்ளே தள்ள வேண்டிய காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். போய் அரை மணி நேரம் எதையெதையோ அளந்தேன். அங்கே வேலை பார்க்கும் ஓர் அக்கா, "தம்பி, முன்னெல்லாம் இந்த ஓட்டையிலே பஞ்சு ஒட்டும், இப்போ அந்த ஓட்டையிலே ஒட்டுது" என்றார். அவ்வளவுதான் கோளாறு. அன்றிலிருந்து ஃபேன் மாட்டினால் ஒரு துணுக்குப் பஞ்சைப் பக்கத்தில் பிடித்து எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்குரூவை முறுக்குவேன்.

மதியச் சூட்டை லேசாக விடாதீர்கள். எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. இன்றைக்கு டிரிப் ஆகிக் காப்பாற்றுகிறது. தெர்மோஸ்டாட்டை யாராவது ஷார்ட் செய்து 'சரி' செய்துவிட்டால் அடுத்தது எஸ்சிஆர்.

எஸ்சிஆர் ஃபியூஸ் போய்விட்டது. அதே ஃபியூஸ் கிடைக்கவில்லை. தற்காலிகமாகச் சாதாரண எச்ஆர்சி போட்டிருக்கிறோம், அதே ஆம்பியர்தான். பரவாயில்லையா? சார்ஜர் ஓடும்போது 'உம்ம்' என்று புதிதாக ஒரு சத்தம் வருகிறது.
– வாசகர், புதுச்சேரி

பரவாயில்லை இல்லை. எச்ஆர்சி ஃபியூஸ் கேபிளைக் காப்பாற்றச் செய்தது. எஸ்சிஆரைக் காப்பாற்றும் ஃபியூஸ் செமிகண்டக்டர் ஃபியூஸ், அது எரிகிற வேகமே வேறு. ஷார்ட் வந்தால் எச்ஆர்சி யோசிப்பதற்குள் எஸ்சிஆர் போய்ச் சேர்ந்துவிடும். ஆம்பியர் ஒன்று என்பதால் இரண்டும் ஒன்று ஆகாது. செம்புக் கம்பி சுற்றாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி. அதையும் பார்த்திருக்கிறேன்.

சத்தம்தான் எனக்குக் கவலை. மூன்று ஃபேஸ் சார்ஜரில் ஆறு எஸ்சிஆர் வரிசையாக வேலை செய்யும்போது அலை நொடிக்கு 300. ஒன்று முறை தப்பினால் தாளம் தட்டும். டிரான்ஸ்பார்மர் கனமான குரலில் முனகும். என் காதுக்கு அது தவில்காரர் ஒரு அடி விட்டுவிட்ட மாதிரிக் கேட்கும். மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் போட்டு ஆம்பியர் பாருங்கள். ஒன்று குறைவாக இருந்தால் அந்த ஃபேஸில்தான் கோளாறு.

எஸ்சிஆரை அளக்க மல்டிமீட்டர் போதும், ஆனால் வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். அதற்கு மூன்று முனை: ஆனோடு, கேத்தோடு, அதை ஓட வைக்கும் கேட். ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் இரண்டு திசையிலும் ஓப்பன் காட்ட வேண்டும். கேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் பத்து முதல் ஐம்பது ஓமுக்குள் ஏதாவது காட்டும். ஆனோடு–கேத்தோடு 'பீப்' என்றால் ஷார்ட். கேட் ஓப்பன் என்றால் அது எழுந்திருக்கவே இல்லை. எஸ்சிஆர் நன்றாக இருந்தால் கேட் வயரின் முனையில் இருக்கும் சின்ன உலோக லக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். பாதி நேரம் அது கையோடு வந்துவிடும்.

துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர். எங்கள் 110 வோல்ட் டிசி பேனலில் மழை பெய்தால் 'எர்த் ஃபால்ட்' அலாரம் வருகிறது, வெயில் வந்தால் போய்விடுகிறது. சார்ஜர் கம்பெனியைக் கூப்பிட்டோம், 'சார்ஜர் ஓகே' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் சொல்வது சரியா?
– வாசகர், கரூர் மாவட்டம்

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கூடவே நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சப்ஸ்டேஷன் டிசியில் பிளஸ், மைனஸ் இரண்டுமே பூமியைத் தொடாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் எங்கோ எர்த் ஆகிவிட்டால் உடனே ஒன்றும் ஆகாது. அலாரம் மட்டும் வரும். ஆபத்து அதற்குப் பிறகுதான். இன்னொரு இடத்தில் இரண்டாவது எர்த் வந்தால், டிரிப் காயிலுக்குத் தேவையில்லாமல் கரண்ட் போய் பிரேக்கர் தானாக விழலாம். இல்லாவிட்டால் விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். அதனால் 'வெயில் வந்தால் போய்விடுகிறது' என்று விட்டுவிடாதீர்கள்.

அலாரம் வரும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, பிளஸ்ஸுக்கு எவ்வளவு, மைனஸுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். 55 செல், ஃப்ளோட்டில் (நிறைந்த பேட்டரியை அப்படியே காத்துவரும் சார்ஜில்) மொத்தம் 123 வோல்ட் இருக்கும். கோளாறில்லாத நாளில் ஆளுக்குப் பாதியாகப் பிரியும். பிளஸ்ஸுக்கு 14, மைனஸுக்கு 109 என்று வந்தால் பிளஸ் பக்கம் எர்த். எந்தப் பக்கம் வோல்டேஜ் செத்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நோய். பழைய பேனல்களில் இரண்டு விளக்கு வைத்திருப்பார்களே, அதுவும் இதே கணக்குத்தான். மங்குகிற விளக்கின் பக்கம் எர்த்.

அடுத்தது, எங்கே? ஃபீடர் ஃபீடராக டிசியை ஆஃப் செய்து பார்ப்பார்கள். எதை ஆஃப் செய்ததும் இரண்டு பக்கமும் சமமாகிறதோ அந்தக் கிளையில் கோளாறு. ஆனால் டிசி போனால் அந்த ஃபீடருக்கு ரிலே பாதுகாப்பும் போய்விடும். மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் நீங்களாக எதையும் ஆஃப் செய்யாதீர்கள். அனுமதி வரும் வரை காத்திருக்கும் நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு யார்டில் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். மழையில் வரும் எர்த் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். யார்டு கேபிள்கள் வந்து சேரும் மார்ஷலிங் பாக்ஸின் கதவு ரப்பர், கேபிள் உள்ளே போகும் கிளாண்டு, டிரான்ஸ்பார்மர் மேலே இருந்து அதன் உட்கோளாறைக் காட்டும் புக்கோல்ஸ் ரிலேயின் டெர்மினல் பெட்டி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

இதில் நான் கண்டதிலேயே விசித்திரம் ஒரு குளவிக்கூடு. ஒரு யார்டில் நாலு மாதமாக இதே புகார். மார்ஷலிங் பாக்ஸுக்குள் டெர்மினல் வரிசையின் ஓரத்தில், பெருவிரல் அளவுக்கு மண்ணால் குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு பக்கம் பிளஸ் டெர்மினல், மறு பக்கம் பெட்டியின் இரும்பு. காய்ந்திருக்கும்போது மண் கரண்ட் கடத்தாது. மழைச் சாரல் கதவு இடுக்கில் இறங்கிக் கூடு ஊறினால் எர்த். வெயில் வந்தால் காய்ந்து, அலாரம் போய்விடும். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டி எடுத்தோம், அலாரம் நின்றது. கதவு ரப்பரையும் மாற்றினோம். இல்லையென்றால் குளவி திரும்ப வந்திருக்கும்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கி மாளவில்லை. எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது, ஆர்ஓ மெஷினும் இருக்கிறது. ஊற்றலாமா?
– சிறுதொழில் முனைவோர், கோவை

சிறுவாணி எங்கள் ஊர்ப் பெருமை, குடித்துப் பாருங்கள், பேட்டரிக்கு வேண்டாம். நாக்குக்கு இனிப்பாக இருந்தாலும் அதிலும் கரைந்த உப்புகள் உண்டு. ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இரும்பும் குளோரைடும் தகட்டுக்கு விஷம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு. அது காயிலின் அலுமினியத்தையும் செம்பையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர்.

மாளவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு விஷயம். ஒரு ஏஎச் ஓவர்சார்ஜுக்குச் செல் ஒன்றில் மூன்றில் ஒரு கிராம் தண்ணீர் வாயுவாகப் போகும். 48 வோல்ட் பேட்டரிக்குத் தேவைக்கு மேல் 60 ஏஎச் போனால் 24 செல்லிலும் சேர்த்து அரை லிட்டர் காலி. ஒவ்வொரு சார்ஜுக்கும் கொஞ்சம் போகத்தான் வேண்டும், போகாவிட்டால் ஆசிட் மேலும் கீழும் கலக்காது. ஆனால் வாரத்துக்குக் கேன் கேனாக ஊற்றுகிறீர்கள் என்றால் சார்ஜரின் வோல்டேஜ் செட்டிங் ஏறியிருக்கிறது, அல்லது பாதி காலியான பேட்டரியைத் தினம் இரண்டு முறை பூஸ்டில் (வேகச் சார்ஜில்) போடுகிறீர்கள். தண்ணீர்ச் செலவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதைவிட நல்ல மீட்டர் சார்ஜருக்குக் கிடையாது.

ஊற்றுவது சார்ஜ் முடிந்த பிறகு. முன்னால் ஊற்றினால் சார்ஜில் மட்டம் ஏறி ஆசிட்டாக வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், தகடு முங்குகிற அளவுக்கு முன்னால் ஊற்றிக்கொள்ளலாம்.

ஈபி லைன் வேலை முடிந்து கரண்ட் வந்ததிலிருந்து சார்ஜர் ஆன் ஆகவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. மூன்று ஃபேஸும் 415 வருகிறது.
– வாசகர், ஆம்பூர்

ஃபேஸ் வரிசை மாறியிருக்கும். வோல்டேஜ் அளந்தால் அது தெரியாது. எஸ்சிஆர் சார்ஜர்கள் பலவற்றில் வரிசை தப்பினால் ஓட விடாத ரிலே உண்டு. முதலில் போர்வெல் மோட்டாரும் கம்ப்ரஸரும் நேராகச் சுற்றுகிறதா பாருங்கள். அவையும் தலைகீழாகச் சுற்றினால் மெயினில் மாற்றச் சொல்லுங்கள். சார்ஜரில் மட்டும் என்றால் மெயினை ஆஃப் செய்து, உள்ளே வரும் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றினால் போதும். ஐந்து நிமிட வேலை.

ஸ்டாக்கருக்கு (சரக்கு அடுக்கும் வண்டி) 48 வோல்ட் லித்தியம் பேட்டரி வாங்கியிருக்கிறோம். பழைய லெட் ஆசிட் சார்ஜரும் 48 வோல்ட்தான். கனெக்டரும் பொருந்துகிறது. அண்ணா, ஓட்டிக்கலாமா?
– தொழிற்சாலை வாசகர், ஓசூர்

வேண்டாம் தம்பி. சாவி துவாரத்தில் நுழைந்துவிட்டது என்பதால் அது உன் வீட்டுச் சாவி ஆகிவிடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் பெரும்பாலும் 16 செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், மொத்தம் 51.2. முழுசாக நிறைந்தால் செல்லுக்கு 3.65 வீதம் 58.4 வோல்ட். அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. உன் பழைய சார்ஜர் சமன் சார்ஜில் 62, 63 வோல்ட் வரை தள்ளும். பேட்டரிக்குள் இருந்து அதைக் காவல் காக்கும் கார்டான பிஎம்எஸ் பயந்து தொடர்பைத் துண்டிக்கும். ஓரிரு முறை காப்பாற்றும், தினமும் அதையே நம்பக் கூடாது. தவிர, புதுப் பேட்டரிகளில் பிஎம்எஸ்ஸும் சார்ஜரும் தனி வயரில் பேசிக்கொள்ளும். எவ்வளவு ஆம்பியர் வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று பேட்டரிதான் சொல்லும். உன் பழைய சார்ஜருக்கு அந்தக் காது கிடையாது. பேட்டரி விற்றவரிடமே பொருத்தமான சார்ஜரைக் கேள். வண்டி குளிர்பதனக் கிடங்கில் ஓடுவதாக இருந்தால் இன்னொன்று: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. வெளியே கொண்டுவந்து உடம்பு சூடேறிய பிறகுதான்.

யுபிஎஸ் பேட்டரி அறையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. ஹைட்ரஜன் கசிவா? பேட்டரி சீல் செய்த வகை. இரண்டு பேட்டரி கொஞ்சம் உப்பலாகத் தெரிகிறது.
– வாசகர், திருச்சி

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. பேட்டரி அளவுக்கு மேல் சூடாகி உள்ளேயே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறந்து ஆட்களை வெளியேற்றுங்கள். யுபிஎஸ்ஸின் பேட்டரி பிரேக்கர் அறைக்கு வெளியே இருந்தால் ஆஃப் செய்யுங்கள். டெர்மினலைக் கழற்றப் போகாதீர்கள், ஹைட்ரஜனும் கூடவே இருக்கும், பொறி பட்டால் ஆபத்து. காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். 'நாற்றம் குறைந்துவிட்டது' என்று உள்ளே போவது அதைவிட மோசம். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது.

காரணம் பெரும்பாலும் அறை ஏசியில் இருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரியில் ஃப்ளோட் 13.5 என்று வைத்திருப்பார்கள். ஏசி பழுதாகி அறை 40 டிகிரி ஆனால் அதே பேட்டரிக்கு 13.2 போதும். செல்லுக்கு டிகிரிக்கு மூன்று மில்லிவோல்ட் வீதம் குறைக்க வேண்டும். பேட்டரிமேல் ஒரு சின்ன சென்ஸார் ஒட்டியிருந்தால் யுபிஎஸ் தானாகக் குறைக்கும். நான் போன இடங்களில் அந்தச் சென்ஸார் பல நேரம் யுபிஎஸ் பேனலுக்குள்ளேயே பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். உங்களுடையது எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். உப்பிய இரண்டையும் மட்டும் மாற்றிவிட்டு அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த கோடையில் மீதியும் உப்பும்.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடிக்கப் போகிறேன். சார்ஜர் சர்வீஸ் வேலைக்கு வரலாமா சார்? பையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
– மாணவர், நாகர்கோவில்

எட்டு என்று ஆரம்பத்தில் சொன்னேன், இது ஒன்பது. விட மனசில்லை.

வரலாம். நல்ல மல்டிமீட்டர் ஒன்று, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று (ஏசி மட்டும் அளப்பது இங்கே உதவாது), ஹைட்ரோமீட்டர், டார்ச், பிடி வரை டேப் சுற்றிய ஸ்பேனர்கள், பழைய டூத் பிரஷ், லக்கில் படியும் களிம்பைக் கழுவ ஒரு பொட்டலம் சமையல் சோடா, கழுவியபின் தடவ வாசலின். கண்ணாடி போடாமல் செல் மூடியைத் திறக்காதே. மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் வீட்டிலேயே இருக்கட்டும். என் இடது மோதிர விரலில் ஒரு வளையத் தழும்பு உண்டு. ஸ்பேனர் செய்ய வேண்டிய ஷார்ட்டை 1996-ல் மோதிரம் செய்தது.

அப்புறம் சட்டை. ஆசிட் தெறித்த அன்று காட்டன் சட்டையில் ஒன்றும் தெரியாது. துவைத்து உலர்த்தி மடிக்கும்போதுதான் சல்லடையாகத் தெரியும். அதுவும் தனியாகத் துவைக்காவிட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் துணியும் சேர்ந்து சல்லடை. எங்கள் வீட்டில் முப்பது வருடமாக என் வேலைச் சட்டைக்கு ஒரு தனி வாளி, நீலக் கலர், கிணற்றடியில்.